நவம்பர் இருபத்து மூன்றை நகர்த்தாதே

கதிர் தம்பிக்கு, உன் அம்மா உட்கார்ந்து நிதானமாக எழுதுவது.

போன வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய அழைப்புப் படம் என் போனுக்கு வந்தது. பலூன், யானைக்குட்டி, நடுவில் பல் தெரியச் சிரிக்கும் இனியா. அழகாகத்தான் இருந்தது. 'எங்கள் செல்ல மகளின் இரண்டாவது பிறந்த நாள்' என்று போட்டு, கீழே நவம்பர் 24 என்று இருந்தது. யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருபத்து நான்கேதான். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சரித்திரம் நடத்தியவள் நான். தேதி தப்பாக இருந்தால் இன்னும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். உடனே என் மருமகள் ரேவதிக்குப் போன் போட்டேன். "ஏம்மா, புள்ள பொறந்தது இருபத்து மூணாச்சே, நாலுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டேன். "அவருதாங்க அத்தை அப்படிப் போடச் சொன்னாரு. இருபத்து மூணு மாமா தவறின நாளாம். இனிமே வருசா வருசம் நாலுதானாம். பிளே ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்காரு" என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அழுகையை அடக்கினால் வருகிற குரல் அது.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, தெரியும். அப்பா போன நாளில் மெழுகுவத்தியை ஊதிக் கைதட்ட உனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் தள்ளிக் கொண்டாடினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருப்பாய். நஷ்டம் உண்டு, தம்பி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். எழுதியதை நம் குடும்பக் குழுவிலும் போடப்போகிறேன். அதற்குச் சங்கடப்படாதே. அந்தக் குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன வருஷம் நடந்ததை நினைத்துப் பார். இனியாவுக்கு ஒரு வயது. நீங்கள் மூன்று பேரும் சென்னையிலிருந்து அரியலூருக்கு வந்திருந்தீர்கள். வருஷம் திரும்பவில்லை, விசேஷம் எதுவும் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நானும் ஒப்புக்கொண்டேன். காலையில் எழுந்து போனைப் பார்த்தால் குழு முழுக்க அப்பாவின் படம். ஒரு படத்தில் விளக்கு எரிகிறது, இன்னொன்றில் ரோஜாப்பூ உதிர்கிறது, எல்லாவற்றிலும் நினைவஞ்சலி, கண்ணீர் அஞ்சலி. ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் அப்பாவோடு எலெக்ட்ரீசியனாக இருந்தவர்கள்கூட அனுப்பியிருந்தார்கள். நல்ல மனுஷன், நாலு பேர் நினைக்கிறார்கள் என்று எனக்கும் பெருமைதான். ஆனால் அத்தனை படத்துக்கு நடுவில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வரி, 'குழந்தைக்கு ஒரு வயசு ஆச்சா' என்று கேட்டிருக்கக் கூடாதா? ரேவதி தனியாகக் குழந்தைக்குப் புதுக் கவுன் போட்டுத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். நீ கூடத்தில் உட்கார்ந்து போட்டோவுக்குப் பூச்சரம் சுற்றிக்கொண்டிருந்தாய். அப்போதுதான் நிற்கப் பழகியிருந்த அந்தப் பிள்ளை உன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று 'ப்பா, ப்பா' என்றது. நீ திரும்பவே இல்லை. மற்ற நாளில் அவள் தும்மினாலே ஓடுகிறவன் நீ. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அவளை நீ தூக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எதனால் என்றும் எனக்குத் தெரியும். அந்த ஒரு வார்த்தை. அப்பாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். நீ பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தையையும் ரேவதியையும் அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, போட்ட சட்டையோடு வந்து இறங்கினாய். உன்னைப் பார்த்ததும் உன் சரோஜா அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "பொறக்கும்போதே தாத்தன முழுங்கிட்டு வந்துட்டாளேடா!" என்று கதறினார். அப்பாவுக்கு ஒரே அக்கா. தாய்க்குத் தாயாக இருந்து தூக்கி வளர்த்தவர். துக்கத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். சுற்றி இருந்தவர்களும் 'ஆமாம்' என்று தலையை ஆட்டினார்கள். நம் பக்கத்தில் ஒரு பிறப்பும் ஒரு சாவும் ஒரே நாளில் வந்துவிட்டால் இந்த வார்த்தை தயாராகக் காத்துக்கொண்டிருக்கும். யார் செத்தாலும் பழி பிறந்ததன் தலையில். நீ படித்தவன், அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நம்பாமலே அது உன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது தேதியை மாற்றுகிற வேலையும் அது செய்கிற வேலைதான்.

நான் தேதியோடு குடித்தனம் நடத்தியவள் என்று உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தினமும் காலை மணி அடிப்பதற்கு முன்னால் வராந்தாக் கரும்பலகையில் 'இன்றைய நாள்' எழுதுவது என் வேலை. இடது பக்கம் உலகத்தில் அன்றைக்கு நடந்தது, வலது பக்கம் பள்ளிக்கூடத்தில் அன்றைக்குப் பிறந்த நாள் கொண்டாடுகிற பிள்ளைகள் பெயர். இடது பக்கத்துக்குப் புத்தகம் புத்தகமாகத் தேடி எழுதிக்கொண்டு போவேன். "ஒங்கம்மா இருக்காளே, காலைல எவன் செத்தான், எங்க குண்டு போட்டான்னு பாத்துட்டுத்தான் காப்பித்தூளே எடுப்பா" என்று அப்பா உன்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஒருமுறை உன் பிறந்த நாளுக்கு என்ன இருக்கிறது என்று நீ கேட்டாய். நான் பார்த்துவிட்டு, ஒரு சண்டை, ஒரு கப்பல் மூழ்கியது என்று உள்ளதைச் சொன்னேன். உனக்கு ஏழெட்டு வயது இருக்கும். "எனக்கு மட்டும் நல்லதே இல்லையா?" என்று ஓவென்று அழுதாய். அப்பா உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "யாருடா சொன்னது? ஒலகத்துலயே மொத மொத பரோட்டா போட்டது அன்னிக்குத்தான். ஒங்கம்மா புஸ்தகத்துல அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு" என்றார். நீ அதை அப்படியே வகுப்பில் போய்ச் சொல்லி, உன் டீச்சர் என்னிடம் வந்து கேட்டு, என் மானம் போயிற்று. சரித்திர டீச்சர் பிள்ளை என்று வேறு பெயர்!

வலது பக்கம்தான் இன்னும் வேடிக்கை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு மே கடைசியிலோ ஜூன் முதலிலோதான் பிறந்த நாள். நிஜமாகப் பிறந்தது எப்போது என்று வீட்டில் கேட்டால், 'பெருமழைக்கு மறுவாரம்', 'மொளகா காயப்போட்டிருந்தப்ப' என்பார்கள். சேர்க்கிற வாத்தியார், அஞ்சு வயது நிரம்ப வேண்டுமே என்று கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஜூன் மாதத்தில் என் கரும்பலகையில் பெயர் எழுத இடம் போதாது. நிஜத் தேதி இருக்கிற பிள்ளைகளிலும், எந்த வகுப்பை எடுத்தாலும், ஒரே நாளில் பிறந்த இரண்டு பேராவது அநேகமாக இருப்பார்கள். பிள்ளைகள் அதை ஏதோ அதிசயம் மாதிரி பேசுவார்கள். அதிசயமே இல்லை. வருஷத்தில் இருக்கிற நாள் கொஞ்சம். உலகத்தில் நடக்கிறது ஏராளம். எல்லாமும் ஏதாவது ஒரு நாளில் வந்து விழத்தான் வேண்டும்.

நவம்பர் இருபத்து மூன்றுக்கு நான் என்ன எழுதுவேன் தெரியுமா? அமெரிக்காவில் ஒரு ஊரில், காசு போட்டால் பாட்டுப் பாடுகிற பெட்டியை முதன்முதலாக ஒரு கடையில் கொண்டுவந்து வைத்தது அன்றைக்குத்தான். தெற்கு இத்தாலியில் பூமி நடுங்கி ஊர் ஊராக விழுந்ததும் அன்றைக்குத்தான். அப்புறம் நம்முடையது. 1956-இல், மழைவெள்ளம் அரித்துப்போட்ட மருதையாற்றுப் பாலத்தில், விடிவதற்கு முன்னால், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன ரயில் கவிழ்ந்தது. அரியலூர் ரயில் விபத்து என்று இந்தியா முழுக்கப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே மந்திரி பதவி விலகினார் என்று எழுதினால் முழு மார்க். நானும் எத்தனையோ வருஷம் அதற்கு மார்க் போட்டிருக்கிறேன். பாட்டுப் பெட்டிக்கும் பூகம்பத்துக்கும் ரயிலுக்கும் ஒன்றோடொன்று என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. ஒரே பஸ்ஸில் ஏறின ஜனங்கள், அவ்வளவுதான்.

ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்று அந்த நாளில் இருக்கிறது. உன் சரோஜா அத்தை பிறந்தது அந்த விடிகாலையில்தான். நம் ஊர் அந்த ஆற்றுக்குப் பக்கம். மழையில் மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. வீட்டுக்குள்ளே குழந்தை அழுகிற சத்தமும் வெளியே ஆட்கள் 'ரயிலு கவுந்துடுச்சு, ஓடியாங்கடா' என்று கத்துகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டதாம். உன் தாத்தாவும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடினார். பொழுது சாய்ந்து திரும்பியவர், பார்த்த கோரத்தில், பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல் படுத்துவிட்டார். அந்த வாரத்துக்குள்ளேயே அத்தைக்கு ஊர் பெயர் வைத்துவிட்டது. 'ரயிலக் கவுத்தவ.' சரோஜா என்பது அப்புறம் வந்த பெயர். குளத்துக்குப் போனால், 'ரயிலக் கவுத்தவ வரா, தண்ணில எறங்காதீங்க' என்று சிரிப்பார்களாம். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டுக் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனது. டெல்லியில் ஒரு மந்திரி பொறுப்பேற்றுக்கொண்டார் என்று உலகமே மெச்சுகிறது. அதே விபத்துக்கு நம் ஊர் ஒரு கைக்குழந்தையைப் பொறுப்பாக்கியது. அந்தக் குழந்தை வளர்ந்து, கிழவியாகி, இன்னொரு கைக்குழந்தையைப் பார்த்து 'முழுங்கிட்டாளே' என்றது. இதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

அதனால் சனிக்கிழமை காலை முதல் பஸ் பிடித்தேன். பெரம்பலூரில் இறங்கி மாறி, வாலிகண்டபுரத்தில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயத்தைக் களத்தில் கொட்டி, அழுகலைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சரம்மா. போனு கீனு ஒண்ணும் பண்ணாம வந்து நிக்கிறீங்க?" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். பாதி மரியாதை, பாதி கிண்டல். நானும் உட்கார்ந்து வெங்காயம் பொறுக்கினேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. போனை எடுத்து உன் அழைப்பைக் காட்டி, "அண்ணி, நீங்க சொன்ன வார்த்தையால எம்புள்ள அவன் மவளோட பொறந்த நாளையே மாத்திப்புட்டான். பாருங்க" என்றேன்.

அத்தை போனை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். இனியாவின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மூக்கு அப்படியே என் தம்பி மூக்கு" என்றார்.

"மூக்க விடுங்க அண்ணி. தேதியப் பாருங்க."

"பாத்தேன், பாத்தேன். நல்லதுதானே பண்ணிருக்கான்? எனக்கும் எங்கப்பா அப்படித்தான் பண்ணாரு. பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப, 'ரயிலு கவுந்த நாளு வேணாம் சார், வேற எதாச்சும் போட்டுக்குங்க'ன்னாரு. ஜூன் ஒண்ணுன்னு போட்டாங்க."

"மாத்துனப்புறம் ரயிலக் கவுத்தவன்னு சொல்றத வுட்டாங்களா?"

"எங்க வுட்டாங்க!" என்று ஒரு வெங்காயத்தைத் தூக்கி எறிந்தார். "ரெண்டு நாளு இருந்தும் ஒரு நாளும் எனக்குன்னு இல்லாமப் போச்சு. ஜூன் ஒண்ணு எனக்கே மறந்துபோவும். நவம்பர் வந்தா, பொறந்த நாளுன்னு வாயத் தொறந்தா, 'அத்தினி பேரு செத்த நாளு, வெக்கமா இல்லையா'ம்பாங்க. ஒங்க வூட்டுக்காரன் ஒருத்தன்தான். வேலைக்குப் போயி மொத சம்பளம் வாங்குன வருசத்துலேருந்து, அன்னிக்கு மைசூர்பாக்கோட வந்து நிப்பான். 'இன்னிக்கு ரயிலு கவுந்த நாளு இல்லக்கா, நீ பொறந்த நாளு'ம்பான். அவன் சொன்னாத்தான் எனக்கே தெரியும், ஆமா, நானும் பொறந்தவதானேன்னு."

இது எனக்கே தெரியாது, தம்பி. வருஷா வருஷம் நவம்பரில் அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார். மைசூர்பாகு வாங்குவது தெரியும். சும்மா பாசத்தில் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் கேட்டேன். "இவ்வளவு தெரிஞ்ச நீங்களே ஏன் அண்ணி அந்தப் புள்ளைய அப்படிச் சொன்னீங்க?"

அத்தை கையை உதறிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வெங்காயம் என்றுதான் சொன்னார். "அன்னிக்குக் காலைல எனக்குப் போன் பண்ணான் டீச்சரு. எட்டு மணி இருக்கும். 'அக்கா, பேத்தி பொறந்திருக்காக்கா, உன் நாளுல பொறந்திருக்கா! இந்த வருசம் மைசூர்பாகு ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கறேன்'னான். நான் குளிச்சு, புதுப் பொடவ கட்டி ஒக்காந்திருந்தேன், வருவான்னு. அவன் செத்துட்டான்னு அடுத்த போனு வருது. யாரத் திட்டறது? சாமியத் திட்டுனேன், அது காதுல வுழல. புள்ளைக்கு வாயில்ல, சொல்லிப்புட்டேன். என் மேல போட்டத எடுத்து அது மேல போட்டுட்டேன்."

அப்புறம் அத்தையே, "கதிருக்கு எழுதுங்க. நாந்தான் சொன்னேன்னு எழுதுங்க. இப்ப நாந்தான் அது இல்லங்கறேன்னும் எழுதுங்க. எல்லாரும் படிக்கட்டும், எனக்கென்ன பயம்?" என்றார். அவர் சொல்லித்தான் இதையெல்லாம் குழுவில் போடுகிறேன்.

இனி நான் உனக்குச் சொல்ல வேண்டியது. நீ அந்த நாளை ஆஸ்பத்திரி வாசலில் இருந்துதான் பார்த்தாய். உன் கையில் பிள்ளையைக் கொடுத்தார்கள், அடுத்து என் போன் வந்தது. உனக்கு இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன. எனக்கு அப்படி இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலைப் பொழுது இருந்தது. அது என் கண் முன்னால் நடந்தது. நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் நான் அழுதுவிடுவேனோ என்று நினைத்திருப்பாய்.

நீ 'பொண்ணு பொறந்திருக்கா' என்று சொன்னதும் அப்பா போனை என்னிடம் கொடுக்காமலே தெருவுக்கு ஓடினார். எதிர்வீட்டில் சொல்லி, பால்காரரிடம் சொல்லி, முனை டீக்கடையில் நின்றிருந்த முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். "ஏங்க, கெளம்ப வேணாமா?" என்று நான் கத்தினேன். குளித்துவிட்டு வந்து எந்தச் சட்டை போடுவது என்று என்னோடு சண்டை. நான் வெள்ளைச் சட்டை எடுத்து வைத்தால், "வெள்ள வேணாம்டி, புள்ள மொத மொதல்ல என்னைப் பாக்குது, கலரா இருக்கட்டும்" என்று தீபாவளிக்கு நீ வாங்கிக் கொடுத்த நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டார். பிறந்த பிள்ளைக்குக் கலர் தெரியுமா என்றேன். "எம்பேத்திக்குத் தெரியும்" என்றார். பட்டனைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்கு என்ன நாளு? பலகைல நீ என்ன எழுதுவ?" என்று கேட்டார். நான் ரிட்டையராகி எத்தனையோ காலம் ஆன பிறகும் அந்தக் கேலி போகவில்லை. "நம்ம ரயில் விபத்துதான்" என்றேன். "அத அழி. எம்பேத்தி பொறந்தான்னு எழுது" என்றார். நான் விடுவேனா? "நடந்தத எல்லாம் அழிக்க முடியாது. வேணா பக்கத்துல எழுதறேன்" என்றேன். "பெருசா எழுது" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. டாக்டர் இதயம் என்றார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் தொட்டுப் பார்த்தவள், எனக்குத் தெரியும்.

கதிர், உன் அப்பாவை யாரும் முழுங்கவில்லை. அவர் தாத்தாவாகிவிட்டுத்தான் போனார். கொஞ்ச நேரம்தான் தாத்தாவாக இருந்தார். ஆனால் தெரு முழுக்கத் தெரியும்படி இருந்தார். அந்தக் கொஞ்ச நேரத்தை அவருக்குக் கொடுத்தது உன் மகள். அவள் ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால், பேத்தி முகம் மட்டும் இல்லை, பேத்தி என்ற சொல்லே தெரியாமல் போயிருப்பார். நீ தேதியை இருபத்து நான்குக்குத் தள்ளினால் அதைத்தான் செய்கிறாய். அவர் பேத்தி இல்லாமல் செத்த ஆளாகிவிடுகிறார். அவருக்கு அந்த அநியாயம் செய்யாதே.

இன்னொன்றும் சொல்கிறேன், இது உனக்குள் வாதாடுகிற ஆளுக்காக. அப்பாவுக்கு நாம் செய்வது திதி, தேதி இல்லை. அவர் போனது கார்த்திகைத் தேய்பிறை அஷ்டமி. போன வருஷம் அது டிசம்பரில் வந்தது, நீயே லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து செய்தாய். இந்த வருஷமும் டிசம்பரில்தான். நம் வழக்கப்படி பார்த்தால் அப்பாவின் நாள் அது. அன்றைக்கு இலை போடுவோம், காக்கைக்கு வைப்போம், அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் வடை பாயசமும் செய்வோம். உனக்கு எவ்வளவு அழ வேண்டுமோ அவ்வளவு அழு, நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். நவம்பர் இருபத்து மூன்றை நாம் துக்கத்துக்கு எடுத்துக்கொண்டது போன் பார்த்துத்தானே தவிர, பஞ்சாங்கம் பார்த்து இல்லை. ஒரு எழுத்து மாறியதில் ஒரு குழந்தையின் நாளைப் பிடுங்கிவிட்டோம்.

அன்றைக்குக் காலையில் உனக்கு அப்பா நினைவு வரும். வரட்டும். போட்டோவுக்குப் பூப் போடு. ஆனால் ஒரு கையால் பூவைப் போடும்போது இன்னொரு கையில் அவளைத் தூக்கிக்கொள். 'தாத்தா' என்று காட்டு. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் இருபத்து மூன்று இருக்கிறது. நாளைக்கு அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏன்ப்பா, இதுல மூணுன்னு இருக்கு?" என்று கேட்பாள். அப்போது என்ன பதில் வைத்திருக்கிறாய்? உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தையை நீயே அவள் காதில் போடுவாய். பொய் சொன்னால் ஊரில் யாராவது ஒருவர் போடுவார். அதற்குள் அவளுக்கு அந்த நாள் பழகியிருக்க வேண்டும். எல்லாரும் வந்து சிரித்த நாளாக, அப்பா மடியில் உட்கார்ந்த நாளாக. நீ பயந்து ஒளித்து வைக்கிற நாளைப் பார்த்து அவளும் பயப்படத்தான் செய்வாள். பிளே ஸ்கூலில் போய் முதலில் தேதியைச் சரி பண்ணு. ரேவதியிடம் ஒரு வார்த்தை பேசு. இரண்டு வருஷமாக அந்தப் பெண் தான் ஏதோ குற்றம் செய்தவள் மாதிரி நம் வீட்டில் நடமாடுகிறாள். அவளுக்கு அது பெற்ற நாள். உயிரைக் கொடுத்துப் பெற்றிருக்கிறாள், அதற்கு ஒரு நல்ல வார்த்தை யார் சொன்னோம்?

குழுவில் இருக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன். என் புருஷனை நீங்கள் மறக்கவில்லை, அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அஞ்சலிப் படத்தை டிசம்பரில் திதிக்கு அனுப்புங்கள். இருபத்து மூன்றாம் தேதி யாராவது ரோஜாப்பூ உதிர்கிற படம் போட்டால், டீச்சர் என்ற முறையில் நானே எடுத்துவிடச் சொல்வேன். தாலி கட்டியவரைப் பறிகொடுத்தவள் நான். நானே அன்றைக்குச் சிரிக்கிறேன் என்று சொன்ன பிறகு வேறு யாருக்கும் அதில் பேச இடமில்லை. கேக் வெட்டும்போது நான் ஓரமாகப் போய் நிற்கவும் மாட்டேன், குழந்தைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாலிகண்டபுரத்தில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். அத்தை பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். "சென்னைக்கு நானும் வரட்டா?" என்று கேட்டார். வாங்க என்றேன். பஸ் வருகிற வரைக்கும் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தார். மழை, வெங்காய விலை, முழங்கால் வலி. பஸ் வந்து நான் படியில் கால் வைத்த பிறகு என் புடவையைப் பிடித்து இழுத்தார். எழுபது வயது முடியப்போகிற மனுஷி, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் டீச்சரு, கேக்குல ரெண்டு பேரோட பேரும் எழுதுவாங்களா?" என்றார்.

எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டேன். எழுதச் சொல், தம்பி.

அம்மா
அரியலூர்